அரசியலமைப்பு உருவான காலத்தை ஆராய்வதையே வாழ்நாள் வேலையாகக் கொள்ள முடியுமா?

முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரின் கேள்வி இது. 1946இல் அரசியல் நிர்ணய சபை கூடியதிலிருந்து 1952இல் முதல் பொதுத்தேர்தல் முடிந்தது வரையிலான காலத்தில் பிஎச்.டி. செய்ய வேண்டும், பிறகு அதையே கற்பித்து அதைப் பற்றியே எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. எப்படி நுழைவது, பிழைப்பு நடக்குமா, எல்லாரும் எழுதித் தீர்த்த காலமல்லவா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறார். மூன்றாவதுதான் உண்மையான கேள்வி. சொல்ல ஏதும் மிச்சமில்லை என்றால் முதல் இரண்டுக்கும் பதில் தேவையே இல்லை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மிச்சம் நிறைய இருக்கிறது. ஆனால் அது எல்லாரும் தேடும் இடத்தில் இல்லை. "அரசியலமைப்பில் அம்பேத்கரின் பங்கு", "நேருவின் தேசியப் பார்வை" போன்ற தலைப்புகளோடு நெறியாளரிடம் போகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. தலைப்பு பெரிதாக இருப்பதால் படிக்க வேண்டியவை மலைபோலக் குவியும். இரண்டு ஆண்டுகள் அச்சிட்ட புத்தகங்களிலேயே கழிந்துவிடும். ஆவணக் காப்பகத்துக்கு முதன்முதலாகப் போகும்போது உதவித்தொகையின் பாதிக் காலம் தீர்ந்திருக்கும். இந்தத் துறையில் ஆய்வுகள் சரிவதற்கு நான் சொல்லக்கூடிய முதல் காரணம் இதுதான், அறிவுக் குறைவு அல்ல. தலைவரை எடுத்துக்கொள்ளாதீர்கள். கோப்புகள் விடை சொல்லக்கூடிய ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு இங்கே பெரிய அனுகூலம் இருக்கிறது. குடியரசு பிறந்ததும் உச்ச நீதிமன்றத்துக்குப் போன தலையாய வழக்குகளின் பெயர்களைப் பாருங்கள். ஏ.கே. கோபாலன் எதிர் மதராஸ் மாநிலம், 1950 மே. ரொமேஷ் தாப்பர் எதிர் மதராஸ் மாநிலம், அதே மாதம். மதராஸ் மாநிலம் எதிர் செண்பகம் துரைராஜன், 1951. மதராஸ் மாநிலம் எதிர் வி.ஜி. ராவ், 1952. தடுப்புக்காவல், பத்திரிகைத் தடை, கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணை, சங்கத்தைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது என நான்கிலும் ஒரு தரப்பு நம் மாநில அரசு. 1951 ஜூன் 18 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்கான உடனடித் தூண்டுதல்களில் இரண்டு, தாப்பர் வழக்கும் செண்பகம் வழக்கும். தீர்ப்புகளைப் பற்றி நூற்றுக்கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஆணைகளைப் பிறப்பித்த அதிகாரிகள் தமக்குள் என்ன எழுதிக்கொண்டார்கள், வழக்கில் தோற்றபின் என்ன செய்தார்கள் என்பதில் இன்னும் எவ்வளவோ வேலை பாக்கி. அதற்குத் தேட வேண்டிய முதல் இடம் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். டெல்லிக்கு அதற்குப் பிறகு போகலாம்.

இக்கால ஆய்வில் எது உறுதி, எது ஐயத்துக்குரியது என்பதைப் பிரித்துப் பார்க்கக் கற்பதுதான் பயிற்சியின் முக்கால் பங்கு. உறுதியானவை கணிசம். சபை 1946 டிசம்பர் 9 அன்று முதன்முறை கூடியது. 11 அமர்வுகள், 165 நாட்கள்; அதில் 114 நாட்கள் வரைவை விவாதிப்பதில் கழிந்தன. சபையின் அரசியலமைப்பு ஆலோசகர் பி.என். ராவின் முதல் வரைவில் 243 விதிகளும் 13 அட்டவணைகளும். அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு தந்ததில் 315 விதிகள், 8 அட்டவணைகள். நிறைவேறியதில் 395 விதிகள், 8 அட்டவணைகள். முன்மொழிய அறிவிப்புக் கொடுக்கப்பட்ட திருத்தங்கள் ஏறக்குறைய 7,635. சபையில் முன்மொழியப்பட்டவை 2,473. இவை அம்பேத்கரே 1949 நவம்பர் 25 உரையில் தந்த கணக்குகள். அதே உரையில் தமக்குத் தரப்படும் பெருமையில் ராவுக்கும் தலைமை வரைவாளர் எஸ்.என். முகர்ஜிக்கும் பங்குண்டு என்றும் வெளிப்படையாகச் சொல்கிறார். "ஒருவரே எழுதினார்", "அவர் எழுதவே இல்லை" என்று இரு பக்கமும் இன்று நடக்கும் சண்டைக்கு அந்த ஒரு உரையை முழுதாகப் படிப்பதே பாதி மருந்து.

ஐயம் எங்கே வருகிறது? ஒரு குறிப்பிட்ட சொல் ஏன் வந்தது, யாரால் வந்தது என்று கேட்கும்போது. முக்கியமான பல முடிவுகளைக் காங்கிரஸ் கட்சி உறுப்பினர்கள் மூடிய அறைக் கூட்டங்களில் எடுத்துவிட்டு, பிறகே சபைக்கு வந்தார்கள். அந்தக் கூட்டங்களுக்குச் சபை விவாதம் போல வரிக்கு வரி பதிவு கிடையாது. கடிதங்கள், நாட்குறிப்புகள், பின்னாளைய நினைவுகள்தான் சான்று. சபையில் ஒரு திருத்தம் திடீரென எதிர்ப்பின்றி நிறைவேறினால் "ஒருமித்த கருத்து" என்று எழுதிவிடத் தோன்றும். அது முந்தைய நாள் உள்ளே முடிந்த சண்டையாகவும் இருக்கலாம். காட்ட ஆவணம் இல்லையென்றால் "இருக்கலாம்" என்றே எழுத வேண்டும். அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றுவதில் நேர்மை இருக்கிறது.

ஒரு மாதிரியைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். 1948 நவம்பர் 5 அன்று டி.டி. கிருஷ்ணமாச்சாரி சபையில் பேசியதை மேடைதோறும் மேற்கோள் காட்டுகிறார்கள். வரைவுக் குழுவின் ஏழு பேரில் ஒருவர் விலகி வேறொருவர் வந்தார். ஒருவர் இறந்தார், அவர் இடம் நிரப்பப்படவில்லை. ஒருவர் அமெரிக்காவில். இன்னொருவர் அரசு வேலைகளில். ஓரிருவர் டெல்லிக்குத் தொலைவில். ஆகவே சுமை அம்பேத்கர் தலையில் விழுந்தது என்பது பேச்சின் சாரம். ஆனால் பாடநூல்களைப் புரட்டினால், இறந்த டி.பி. கைதானின் இடத்துக்கு வந்தவர் இதே கிருஷ்ணமாச்சாரி என்றிருக்கும். மாணவர்கள் இங்கே குழம்பி, ஏதோ ஒன்று பொய் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இரண்டும் சரி. பேசிய நாளில் அவர் குழுவில் இல்லை, பின்னர்தான் சேர்க்கப்பட்டார். தேதிகளை அடுத்தடுத்து வைத்தாலே முடிச்சு அவிழ்ந்துவிடும். அடுத்த படி: அந்தப் பேச்சு எதற்குச் சான்று? குழுவுக்கு வெளியே இருந்த ஒரு உறுப்பினர் அம்பேத்கரின் உழைப்பைச் சபையறியப் பாராட்டினார் என்பதற்குச் சான்று. எந்தக் கூட்டத்துக்கு யார் வந்தார், யார் எதை மறுத்தார் என்பதற்கு அது சான்றாகாது. அதற்குக் குழுவின் கூட்டக் குறிப்புகள் இருக்கின்றன. பி. சிவராவ் தொகுத்த ஐந்து தொகுதிகளில் அவை அச்சிலேயே கிடைக்கின்றன. பேச்சை மேற்கோள் காட்டுவோர் பல்லாயிரம். கூட்டக் குறிப்பைத் திறந்து வருகை எண்ணிப் பார்ப்போர் கைவிரலுக்குள்தான். ஆய்வாளர் அந்தச் சிலரில் ஒருவராக இருக்க வேண்டும்.

தேதிகள் ஏமாற்றவும் செய்யும். ஆட்சிமொழி விதிகள் சபையில் முடிவானது 1949 செப்டம்பர் 14. திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கியது செப்டம்பர் 17. மூன்றே நாள் இடைவெளி என்றதும் ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் பெரியாருடனான பிளவு அந்த ஜூலையில் நடந்த அவருடைய திருமணத்தை ஒட்டி வெடித்தது. 1947 ஆகஸ்ட் 15 துக்க நாளா இல்லையா என்பதிலேயே அண்ணாவுக்கும் பெரியாருக்கும் கருத்து வேறுபாடு வெளிப்பட்டிருந்தது. அருகருகே நிற்பது வேறு, காரணமாக இருப்பது வேறு. வாய்மொழித் தேர்வில் புறத் தேர்வாளர் முதலில் கைவைக்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

இனி காப்பகத்தில் செய்யும் வேலை. டெல்லி ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அமைச்சகம், கிளை, ஆண்டு, கோப்பு எண் என்ற வரிசையில்தான் எதையும் கேட்க முடியும். "சிறுபான்மையினர் உரிமை பற்றிய கோப்புகள் கொடுங்கள்" என்று கேட்டால் யாராலும் தர முடியாது. அட்டவணையைப் புரட்டி எண்ணை எடுத்து, சீட்டு எழுதிக் கொடுத்து, காத்திருக்க வேண்டும். சில சீட்டுகள் "என்.டி." என்று எழுதித் திரும்பி வரும். அட்டவணையில் பெயர் இருக்கிறது, ஆனால் அமைச்சகத்திலிருந்து கோப்பு காப்பகத்துக்கு மாற்றப்படவில்லை என்று பொருள். 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டமும் 1997 விதிகளும் 25 ஆண்டு கடந்த நிரந்தர ஆவணங்களைக் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்கின்றன. நடைமுறையில் அனுப்பாமல் கிடப்பவை உண்டு, களைந்துவிட்டவையும் உண்டு. ஆகவே ஆய்வுத் திட்டம் முழுவதையும் ஒரே கோப்பு வரிசையின் மேல் கட்டாதீர்கள். அது வராவிட்டால் அதே செய்தியை மாகாணத்தின் பக்கமிருந்தும் தனியார் தாள்களிலிருந்தும் பிடிக்க வழி வைத்துக்கொள்ளுங்கள். ராஜேந்திர பிரசாத்தின் தாள்கள் தேசியக் காப்பகத்தில். ராஜாஜி, கிருஷ்ணமாச்சாரி போன்றோர் தாள்கள் தீன்மூர்த்தி பவன் நூலகத்தில். ஆங்கிலேய அரசின் பக்கம் லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில். ஊரைவிட்டு நகரும் முன் தேசியக் காப்பகத்தின் "அபிலேக் படல்" இணையதளத்தில் தேடிவிடுங்கள். அங்கே கிடைக்கும் கோப்புக்காக டெல்லியில் அறை வாடகை கட்ட வேண்டியதில்லை.

கோப்பு கைக்கு வந்ததும் அதற்கு இரண்டு பாகம் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று குறிப்புப் பக்கம், மற்றது கடிதப் பக்கம். புதியவர்கள் கடிதங்களை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள், தட்டச்சு தெளிவாக இருக்கும் என்பதால். முடிவு என்ன என்பதைக் கடிதம் சொல்லும். யார் மறுத்தார், எந்தக் காரணம் அடிபட்டது என்பது கையெழுத்தில் கிறுக்கிய குறிப்புகளில்தான் இருக்கும். குறிப்புகளின் கீழ் முழுப்பெயர் இராது, சுருக்கெழுத்து மட்டும். அந்த ஆண்டின் அதிகாரிகள் பட்டியலைப் பக்கத்தில் வைத்து யார் எந்த நாளில் எந்தப் பதவியில் இருந்தார் என்று ஒரு தாளில் முதல் வாரமே எழுதிக்கொண்டால், பிறகு மாதக்கணக்கில் உழைப்பு மிச்சம். படம் எடுப்பதானால் முதலில் கோப்பின் மேலட்டை, அடுத்து உள்பக்கங்கள் வரிசை மாறாமல். அன்று மாலையே காப்பகம், துறை, ஆண்டு, எண், பக்கம் ஐந்தையும் கோப்புறைப் பெயராக இடுங்கள். ஆயிரக்கணக்கான படங்களில் எது எந்தக் கோப்பு என்று தெரியாமல், மூன்றாம் ஆண்டில் மறுபடி ரயிலேற நேர்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஒரு பயணத்துக்கு மூன்று வாரத்துக்குக் குறைவாகத் திட்டமிடாதீர்கள். முதல் வாரம் அட்டவணைக்கே போய்விடும்.

எழும்பூரில் அரசாணைகள் துறைவாரியாக இருக்கும். பொதுத்துறை, உள்துறை, சட்டத்துறை மூன்றும் இக்காலத்துக்கு முதன்மை. சார்புச் செயலரின் பாதுகாப்பில் இருந்த இரகசியக் கோப்புகள் என்று தனி வரிசையும் உண்டு. அரசியல் கட்சிகள், கிளர்ச்சிகள் பற்றித் தேடுவோர் அதை மறக்கக் கூடாது. அரசாணையின் ஒற்றைத் தாளோடு நின்றுவிடாமல் அதனோடு கட்டிய பின்னிணைப்புகளைக் கேட்டு வாங்குங்கள். செய்தித்தாள், துண்டறிக்கை, இதழ்களுக்குத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா நூலகம். சுதேசமித்திரன், தினமணி, விடுதலை மூன்றும் ஒரே நாளில் சபை நடவடிக்கையை எப்படி வேறுவேறாகத் தந்தன என்று பார்ப்பதே ஓர் அத்தியாயத்துக்கான பொருள். இதை ஆங்கிலம் மட்டும் படிக்கும் ஆய்வாளரால் செய்ய இயலாது.

மொழி பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சபை விவாதங்களின் ஆங்கிலப் பதிப்பில் இந்துஸ்தானியில் நிகழ்ந்த பேச்சுகள் மொழிபெயர்ப்பாகவே உள்ளன. அந்தக் குறி பேச்சின் தொடக்கத்தில் இருக்கும், இணையத்திலிருந்து வெட்டி ஒட்டுவோர் அதை விட்டுவிடுவார்கள். சொல்லின் நுணுக்கத்தை வைத்து வாதாடப் போகிறீர்கள் என்றால் இந்திப் பதிப்பை ஒப்பிட்டே ஆக வேண்டும். செய்தித்தாள் அளவுக்கு இந்தி படிக்க ஓராண்டு போதும். முதுகலை முடியும் முன் தொடங்குங்கள். மேற்கோளில் தொகுதி எண்ணும் தேதியும் கட்டாயம். இணையப் பக்க முகவரி மட்டும் போதாது.

பிழைப்புக்கு வருகிறேன். முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. பிறகு யு.ஜி.சி. நெட், அதாவது கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வு. முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். வரலாற்றுத் தாள் சிந்துவெளியிலிருந்து கேட்கும், உங்கள் ஆறு ஆண்டுக் காலம் அதில் கடுகளவு. அதனால் நெட் படிப்பையும் ஆய்வுப் படிப்பையும் ஒன்றாக எண்ணாதீர்கள். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பின்னர் 42,000. 2023 ஜனவரியிலிருந்து கணக்கிட்ட தொகை இது. பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 30. காப்பகங்களுக்கு அலைய வேண்டிய இந்தத் துறையில் உதவித்தொகை இல்லாமல் முழுநேர ஆய்வில் இறங்குவது மிகக் கடினம், அதனால் ஓரிரு முறை கூடுதலாகத் தேர்வெழுதியாவது ஜே.ஆர்.எஃப். பெறப் பாருங்கள். இந்திய வரலாற்று ஆய்வுக் குழுவும் தனியாக உதவித்தொகை தருகிறது. 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. இந்தக் காலகட்டத்தில் செய்தால் ஐந்துக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். விதிகள் அடிக்கடி மாறுபவை, விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை மட்டுமே நம்புங்கள்.

நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். சிக்கல் ஊதியத்தில் இல்லை, இடத்தில் இருக்கிறது. "நவீன இந்தியா" என்று ஓர் இடம் விழுந்தால் 1857 ஆய்வாளர் முதல் சமூக வரலாற்று ஆய்வாளர் வரை எல்லாரும் அதற்கே விண்ணப்பிப்பார்கள். "அரசியலமைப்புக் கால வரலாறு" என்று தனி இடம் எங்கும் விழாது. இடைப்பட்ட ஆண்டுகளில் பலர் கௌரவ விரிவுரையாளராக, நிரந்தரப் பணியின் பாதி ஊதியம்கூட இன்றி இருக்கிறார்கள். இதை முன்கூட்டியே வீட்டில் பேசிவிடுங்கள். வேலை கிடைத்தபின் வாரம் 16 மணி நேர வகுப்பு. பழங்காலம் முதல் உலக வரலாறு வரை எதையும் எடுக்கச் சொல்வார்கள். காப்பக வேலைக்குக் கோடை விடுமுறைதான் மிஞ்சும். ஆய்வேட்டை நூலாக்க மேலும் இரண்டு மூன்று ஆண்டு ஆகும், ஏனென்றால் தேர்வாளருக்காக எழுதிய முதல் அத்தியாயத்தை அப்படியே எறிந்துவிட்டுத் தொடங்க வேண்டியிருக்கும். கட்டணம் வாங்கிக்கொண்டு பத்து நாளில் கட்டுரை வெளியிடும் இதழ்களுக்குப் போகாதீர்கள். நேர்காணலில் அவை இன்று எடுபடுவதில்லை, பெயரும் கெடும்.

இந்தத் துறைக்கே உரிய இன்னொரு சுமை, இந்தக் காலத்தின் கதை எல்லாருக்கும் சொந்தம் என்பது. நீதிமன்றமும் கட்சிகளும் தொலைக்காட்சியும் "அரசியலமைப்பை வகுத்தவர்கள் நினைத்தது என்ன" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பிரிவினைக்குப் பின் சபையில் 299 இடங்கள், கையொப்பமிட்டவர்கள் 284 பேர். அத்தனை பேருக்கும் ஒரே நினைப்பு இருந்ததாகக் காட்டும் ஆவணம் கிடையாது. யார் எப்போது என்ன சொன்னார், எது வாக்கெடுப்பில் தோற்றது என்பதை மட்டுமே ஆய்வாளர் சொல்ல முடியும். கேட்பவருக்கு அது சப்பென்று இருக்கும். இருந்தாலும் அதற்கு மேல் போகாதீர்கள்.

இதெல்லாம் தமக்குப் பொருந்துமா என்று சோதிக்க, சேர்க்கைக்கு முன்பே செலவில்லாமல் செய்யக்கூடிய ஒரு பயிற்சி இருக்கிறது. "இராஜத்துரோகம்" என்ற ஒரே சொல்லைப் பின்தொடருங்கள். 1948 பிப்ரவரி வரைவின் 13ஆம் விதியில், பேச்சுரிமைக்கு வரம்பு சொல்லும் இரண்டாம் உட்பிரிவில் அது இருக்கிறது. 1948 டிசம்பர் தொடக்கத்தில் நடந்த விவாதத்தில் கே.எம். முன்ஷி கொண்டுவந்த திருத்தத்தை ஒட்டி அது நீக்கப்படுகிறது. 1950 மே மாதம் தாப்பர் வழக்கில் நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி அந்த நீக்கத்தையே தீர்ப்பில் காரணமாக எடுத்துக்காட்டுகிறார். அடுத்த ஆண்டே முதல் திருத்தம் பேச்சுரிமைக்கான வரம்புகளை விரிக்கிறது. விவாதங்கள், வரைவு, தீர்ப்பு, திருத்தம் மீதான நாடாளுமன்ற விவாதம் நான்கும் அச்சிலும் இணையத்திலும் கிடைப்பவை. ஒவ்வொன்றையும் முழுதாகப் படித்து, உறுதியாகச் சொல்லக்கூடியதை இடப்பக்கமும் ஊகத்தை வலப்பக்கமும் எழுதிக்கொண்டு பத்துப் பக்கத்தில் ஒரு கட்டுரை தயாரியுங்கள். ஒரு மாதம் பிடிக்கும். அந்த மாதம் முடியும்போது அடுத்த கோப்பைத் தேடிக் கை போனால், அந்தப் பத்துப் பக்கத்தையே ஆய்வு முன்வரைவின் முதல் வடிவமாக எடுத்துக்கொண்டு நெறியாளரைப் போய்ப் பாருங்கள்.